ரியோவிலிருந்து லிஸ்பனை ஆண்ட முடியரசு: எழுந்தது எப்படி, பத்தே ஆண்டில் முடிந்தது ஏன்?

2022 ஆகஸ்டில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலிருந்து பிரேசிலியாவுக்கு விமானத்தில் ஓர் இதயம் போய்ச் சேர்ந்தது. பிரேசில் சுதந்திரம் பெற்று 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, முதல் பேரரசர் பெட்ரோவின் பதப்படுத்தப்பட்ட இதயத்தைப் போர்ட்டோ நகரம் சில நாட்களுக்கு இரவல் கொடுத்தது. அவருடைய உடல் சாவ் பாலோவில் இருக்கிறது, இதயம் போர்ட்டோவில் இருக்கிறது. செய்தியைப் படித்த பலருக்கும் குழப்பம்தான். பிரேசிலைப் போர்ச்சுகலிடமிருந்து பிரித்தவர் போர்ச்சுகலின் பட்டத்து இளவரசர். நான்கு ஆண்டு கழித்து அவரே போர்ச்சுகலின் அரசராகவும் ஆகிறார். அவருடைய அப்பாவோ போர்ச்சுகல் அரசராக இருந்தபடியே 'பிரேசில் பேரரசர்' என்ற பட்டத்தோடு இறக்கிறார்.

அடிமைப்பட்ட காலனி போராடி விடுதலை பெற்றது என்ற வழக்கமான கதையில் இதையெல்லாம் பொருத்த முடியாது. 1822-ல் சட்டப்படி பிரேசில் காலனியே இல்லை. போர்ச்சுகலுக்குச் சமமான ஒரு ராஜ்யம் அது. அந்தச் சமநிலை எப்படி வந்தது, ஏன் நிலைக்கவில்லை என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். என் கணிப்பில், இரண்டையும் ஒரே கிரீடத்தின் கீழ் சேர்த்த அந்த முடியரசு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் பிறந்தது, அந்தக் கேள்வியாலேயே உடைந்தது. இரண்டு ராஜ்யங்களும் சமம் என்றால், தலைநகர் எங்கே?

முதலில் சில சொற்கள்

1. காலனி: அன்றைய பிரேசில் தன் சரக்கைப் போர்ச்சுகல் வழியாக மட்டுமே வெளியுலகுக்கு விற்கலாம், தனக்குத் தேவையானதைப் போர்ச்சுகல் வழியாக மட்டுமே வாங்கலாம். முரட்டுத் துணியைத் தவிர வேறு துணி நெய்யும் ஆலை வைக்க 1785 முதல் தடை. அச்சகம் கிடையாது, பல்கலைக்கழகம் கிடையாது.

2. அரசப் பிரதிநிதி: பட்டத்தில் இருப்பவர் ஆள முடியாத நிலையில் அவர் பெயரால் ஆள்பவர். அரசி முதலாம் மரியா மனநலம் குன்றியதால், மகன் ஜோவாவ் இப்படித்தான் ஆண்டார்.

3. ஐக்கிய முடியரசு: பல ராஜ்யங்கள், ஒரே கிரீடம். இங்கே அதன் முழுப்பெயர் 'போர்ச்சுகல், பிரேசில், அல்கார்வ் ஐக்கிய முடியரசு'. அல்கார்வ் என்பது போர்ச்சுகலின் தென்கோடி. பழைய முஸ்லிம் ஆட்சிப்பகுதி என்பதால் அதற்குத் தனி ராஜ்யம் என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

4. கோர்ட்டெஸ்: போர்ச்சுகலின் பிரதிநிதிகள் சபை. பழைய காலத்தில் அரசர் கூட்டினால்தான் கூடும். 1821-ல் அரசரைக் கேட்காமலே கூடியது.

1807: ஓட்டமா, திட்டமா?

பிரிட்டனோடு யாரும் வணிகம் செய்யக்கூடாது என்று நெப்போலியன் ஐரோப்பா முழுவதற்கும் உத்தரவு போட்டிருந்தார். போர்ச்சுகல் பிரிட்டனின் பழைய கூட்டாளி. அதன் கடல் வணிகமே பிரிட்டிஷ் கடற்படையின் தயவில் நடந்தது. ஜோவாவ் இரு பக்கத்துக்கும் பிடிகொடுக்காமல் காலம் தள்ளிப் பார்த்தார். 1807 அக்டோபரில் பிரான்சும் ஸ்பெயினும் போர்ச்சுகலைத் துண்டு போட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. தளபதி ஜூனோவின் படை எல்லையைத் தாண்டியது.

நவம்பர் 29-ம் தேதி அரச குடும்பம் லிஸ்பனிலிருந்து கப்பலில் கிளம்பியது. கூடவே அமைச்சர்கள், நீதிபதிகள், பாதிரிகள், பிரபுக்கள், ஆவணங்கள், கஜானா. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் காவலுக்குப் போயின. மறுநாள் ஜூனோ லிஸ்பனுக்குள் நுழைந்தார்.

இதைப் பயந்தோடிய கதையாக மட்டும் சொல்வது பாதி உண்மைதான். அரசவையைப் பிரேசிலுக்கு மாற்றலாம் என்ற யோசனை போர்ச்சுகல் ராஜதந்திரிகளிடையே 18-ம் நூற்றாண்டிலேயே உண்டு. 1803-ல் அமைச்சர் ரோட்ரிகோ டி சோசா கோட்டின்யோ அதை எழுத்திலேயே கொடுத்திருந்தார். வருவாயில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வருகிறது, நிலமும் அங்கேதான் அதிகம், ஐரோப்பாவில் இருப்பதோ பெரிய நாடுகளின் பசிக்கு இரையாகும் ஒரு ஓரம் என்பதே அந்த வாதம். கிளம்பிய விதத்தில்தான் அவசரம் இருந்தது. அரச நூலகத்தின் புத்தகப் பெட்டிகள் துறைமுகத்திலேயே கிடந்து நனைந்தன. அவை ரியோவுக்குப் போய்ச் சேர மேலும் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆயின.

துறைமுகம் திறந்த நாள்

ஜோவாவ் முதலில் இறங்கியது வடகிழக்கே பாயியா மாகாணத்தின் சால்வடாரில். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, 1808 ஜனவரி 28-ம் தேதி ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டார். பிரேசிலின் துறைமுகங்கள் நட்பு நாடுகள் அனைத்துக்கும் திறந்துவிடப்படுகின்றன.

வேறு வழியும் இல்லை. லிஸ்பன் பிரெஞ்சுக்காரர் கையில். அந்த வழியாக மட்டும் வணிகம் என்றால் சர்க்கரையும் பருத்தியும் கிடங்கில் மட்கும், சுங்க வருவாயும் இருக்காது. ஆனால் இந்த ஒரு கையெழுத்து, லிஸ்பன் வணிகர்கள் முந்நூறு ஆண்டாக வாழ்ந்த இடைத்தரகு வாழ்க்கையை முடித்துவிட்டது. பிரேசில் சுதந்திரத்துக்கு ஒரு தொடக்க நாள் சொல்லச் சொன்னால், 1822-ஐ விட இந்த நாளைத்தான் நான் சொல்வேன். காலனி என்ற சொல்லுக்கு மேலே கொடுத்த பொருள் அன்றைக்கே காலாவதியாகிவிட்டது. ஏப்ரலில் ஆலைத் தடையும் போனது.

1810-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டபோது நிலைமை இன்னும் விசித்திரமானது. பிரேசில் துறைமுகத்தில் பிரிட்டிஷ் சரக்குக்கு 15 சதவீதம் சுங்கம். போர்ச்சுகல் சரக்குக்கு 16 சதவீதம். மற்ற நாடுகளுக்கு 24 சதவீதம். போர்ச்சுகல் அரசரே ஆளும் ஊரில் பிரிட்டிஷ் வணிகரை விடப் போர்ச்சுகல் வணிகர் கூடுதல் வரி கட்ட வேண்டியிருந்தது. (பிறகு இது சமப்படுத்தப்பட்டது.) படைக்காவல் கொடுத்த உதவிக்கு பிரிட்டன் வாங்கிக்கொண்ட விலை இது.

ரியோ தலைநகரான விதம்

1808 மார்ச்சில் அரசவை ரியோ டி ஜெனிரோ வந்தது. வந்திறங்கிய ஆயிரக்கணக்கானோருக்கு வீடு வேண்டுமே. எடுத்துக்கொள்ளப்படும் வீடுகளின் கதவில் 'P.R.' என்று எழுதினார்கள். அரசப் பிரதிநிதியான இளவரசர் என்பதற்கான போர்த்துக்கீசிய முதலெழுத்துகள் அவை. அதே எழுத்துகளை ஊர்க்காரர்கள் 'தெருவுக்குப் போ' என்று விரித்துப் படித்தார்கள்.

ஜோவாவுக்குக் கிடைத்த வீட்டின் கதை இன்னும் முக்கியம். சாவ் கிறிஸ்டோவாவ் பகுதியில் இருந்த பெரிய தோட்ட மாளிகையை அவருக்குக் கொடுத்தவர் எலியாஸ் அன்டோனியோ லோபெஸ் என்ற வணிகர். அவருடைய தொழில்களில் அடிமை வணிகம் முக்கியமானது. நன்றியாக அவருக்கு வீரப்பட்டமும் பதவிகளும் கிடைத்தன. புதிய தலைநகரின் செல்வம் எதன் மீது நின்றது என்பதை இந்தக் கைமாற்றம் ஒன்றே காட்டிவிடும். அரசர் குடியிருந்த அதே நகரில் 1811-ல் வலோங்கோ படகுத்துறை கட்டப்பட்டது. அங்கோலாவிலிருந்தும் மற்ற ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்தும் கட்டி இழுத்துவரப்பட்ட மனிதர்கள் லட்சக்கணக்கில் அந்தக் கற்களில்தான் இறங்கினார்கள். சமத்துவ ராஜ்யம் பற்றி இனி வரும் பேச்சுகள் எதிலும் இவர்கள் கணக்கில் இல்லை.

ஒரு தலைநகருக்கு வேண்டியதெல்லாம் வேகமாக வந்தன. அச்சகம், மருத்துவக் கல்வி, தாவரவியல் தோட்டம், பாங்கோ டோ பிரேசில் வங்கி, உயர் நீதிமன்றங்கள் எல்லாம் 1808-லேயே தொடங்கின. அந்தத் தோட்டத்தில் தேயிலை பயிரிடச் சீனர்களைக் கொண்டுவந்தார்கள். கோவா, மக்காவ், அங்கோலா, மொசாம்பிக் எல்லாவற்றுக்கும் ஆணைகள் இப்போது ரியோவிலிருந்து போயின. லிஸ்பனுக்கும்தான்.

1815 டிசம்பர் 16: தாளில் வந்த சமத்துவம்

நெப்போலியன் வீழ்ந்தார். ஐரோப்பிய அரசுகள் வியன்னாவில் கூடின. அங்கே போர்ச்சுகலுக்கு ஒரு சங்கடம். காலனியில் உட்கார்ந்து ஆளும் அரசருக்கு வல்லரசுகள் மத்தியில் என்ன மரியாதை? பிரேசிலையே ராஜ்யமாக்கிவிடுங்கள் என்ற யோசனையைப் போர்ச்சுகல் தூதர்களிடம் சொன்னவர் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் தலேராண்ட் என்று கருதப்படுகிறது. 1815 டிசம்பர் 16-ம் தேதி ரியோவில் சாசனம் வெளியானது. பிரேசில் இனி ராஜ்யம். மூன்று ராஜ்யங்களும் ஒரே கிரீடத்தின் கீழ்.

அந்தச் சாசனம் எதைச் சொல்லவில்லை என்று பார்த்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

1. தலைநகர் எது என்று சொல்லவில்லை. அரசர் எங்கே இருக்கிறாரோ அதுதான் தலைநகர்.
2. இரு ராஜ்யங்களுக்கும் பொதுவான சபையோ, சட்டமோ கிடையாது.
3. வரியும் படையும் யார் முடிவு என்று பிரிக்கவில்லை.

அரசர் ஒருவரே எல்லாமுமாக இருக்கும்வரை இவை இல்லாமலே வண்டி ஓடும். மக்கள் பிரதிநிதிகள் என்று யாராவது வந்து உட்கார்ந்தால் முதல் நாளே இவைதான் கேள்வியாகும்.

1816-ல் அரசி மரியா இறந்தார். 1818 பிப்ரவரி 6-ம் தேதி ஆறாம் ஜோவாவ் ரியோவில் முறைப்படி அரசரானார்.

இரண்டு பக்கமும் புகைந்த குறைகள்

லிஸ்பனின் குறை எளிதில் விளங்கக்கூடியது. பிரெஞ்சுப் படையெடுப்புகளால் நாடு நாசமாகியிருந்தது. படைத் தலைமை பெரஸ்போர்ட் என்ற பிரிட்டிஷ்காரரிடம். அரசரோ போர் முடிந்தும் திரும்பவில்லை. 1817-ல் சதிக் குற்றச்சாட்டில் தளபதி கோமெஸ் ஃப்ரெய்ரே டி அன்ட்ராடேயையும் வேறு பலரையும் தூக்கிலிட்டார்கள். 'காலனிக்கே நாம் காலனி ஆகிவிட்டோம்' என்ற பேச்சு அங்கே வேரூன்றியது.

அதிகம் பேசப்படாதது பிரேசிலுக்குள் இருந்த குறை. ரியோவின் தெருவிளக்குகளுக்காக வடகிழக்கே பெர்னாம்புக்கோவில் வரி வசூலித்தார்கள். அந்த மாகாணத்தின் ரெசிஃபே நகரத் தெருக்களோ இருட்டில் கிடந்தன. அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த ஆங்கிலேயர் ஹென்றி கோஸ்டர் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1817 மார்ச்சில் பெர்னாம்புக்கோ கிளர்ந்தெழுந்து குடியரசு என்று அறிவித்துக்கொண்டது. இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் நீடித்த அந்தக் குடியரசை அரசப் படை நசுக்கியது, தலைவர்களுக்கு மரண தண்டனை. ரெசிஃபேக்காரருக்கு ரியோவும் லிஸ்பனைப் போலவே தூரத்து எஜமான்தான். 'பிரேசில்' என்று ஒரே மனதோடு ஒரு நாடு அன்று கிடையாது என்பதை இது காட்டுகிறது.

1820: கேள்வி வெடித்தது

1820 ஆகஸ்ட் 24-ம் தேதி போர்ட்டோவில் படைவீரர்களும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து புரட்சி செய்தார்கள். அவர்கள் கேட்டவை: அரசியலமைப்புச் சட்டம் வேண்டும், அரசர் திரும்ப வேண்டும். செப்டம்பரில் லிஸ்பன் சேர்ந்துகொண்டது. 1821 ஜனவரியில் கோர்ட்டெஸ் கூடியது.

பிரேசிலில் இதற்கு முதலில் கிடைத்தது வரவேற்புதான். பாரா, பாயியா மாகாணங்கள் ரியோவைக் கேட்காமலே லிஸ்பன் பக்கம் சாய்ந்தன. எதேச்சாதிகாரம் முடிகிறது, மாகாணங்களுக்குச் சொந்த ஆட்சிக்குழு கிடைக்கிறது என்ற மகிழ்ச்சி. பிரிவினை யார் மனதிலும் இல்லை.

ஜோவாவ் தயங்கித் தயங்கி 1821 ஏப்ரல் 26-ம் தேதி ரியோவிலிருந்து கிளம்பினார். வங்கியில் இருந்த தங்கமும் நாணயமும் பெருமளவு அரசவையினரோடு போயின. சில மாதங்களில் அந்த வங்கி தன் நோட்டுக்கு ஈடாக நாணயம் கொடுப்பதை நிறுத்தியது. மூத்த மகன் பெட்ரோ, 22 வயது, அரசப் பிரதிநிதியாக ரியோவில் விடப்பட்டார். பிரேசில் பிரியத்தான் போகிறது என்றால், யாரோ ஒரு சாகசக்காரன் கையில் போவதைவிட என்னை மதிக்கும் உன் கையிலேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிப் போனதாகப் பெட்ரோவே பின்னாளில் அவருக்கு எழுதிய கடிதத்தில் நினைவூட்டுகிறார்.

கப்பலில் ரியோவுக்கும் லிஸ்பனுக்கும் இரண்டு மாதத்துக்கு மேல். ஜோவாவுக்கே 68 நாள் பிடித்தது. கேள்வி போய்ப் பதில் வர நான்கைந்து மாதம். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்து நடந்ததைப் படிக்க வேண்டும்.

1821 செப்டம்பர் 29-ம் தேதி கோர்ட்டெஸ் இரண்டு ஆணைகளை நிறைவேற்றியது. பிரேசிலின் பெரும்பாலான உறுப்பினர்கள் அப்போது லிஸ்பன் வந்தே சேரவில்லை.

1. மாகாணங்களின் படைத்தலைவர்கள் நேரடியாக லிஸ்பனுக்குக் கட்டுப்பட்டவர்கள். ரியோவுக்கு மற்ற மாகாணங்கள் மீது அதிகாரம் இல்லை.
2. பெட்ரோ ஐரோப்பா திரும்பி, கல்விப் பயணமாகச் சில நாடுகளைச் சுற்றிப்பார்க்க வேண்டும்.

இவற்றோடு 1808 முதல் ரியோவில் நிறுவிய உயர் நீதிமன்றங்களைக் கலைக்கும் நடவடிக்கையும் வந்தது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இது சோற்றில் விழுந்த அடி.

கோர்ட்டெஸ் உறுப்பினர்களைக் கொடுங்கோலர்களாக நான் பார்க்கவில்லை. அவர்கள் கண்ணில், தேசம் ஒன்று, அதன் சபை ஒன்று, எனவே நிர்வாகமும் ஒன்று. தனி அரசவை, தனி நீதிமன்றம் எல்லாம் பழைய எதேச்சாதிகாரத்தின் மிச்சம். அவர்களுடைய தாராளவாதம் உண்மையானது. ஆனால் தலைநகர் லிஸ்பன் என்பதை அவர்கள் விவாதிக்க வேண்டிய ஒன்றாகவே நினைக்கவில்லை. போன வணிகத்தை மீட்டுவிடலாம் என்ற லிஸ்பன் வணிகர்களின் ஆசையும் அதில் கலந்திருந்தது.

கை தவறிப்போன மாற்று வழி

இணைந்தே இருக்க ஒரு வழி அப்போதும் இருந்தது. சாவ் பாலோ மாகாணம் தன் உறுப்பினர்களிடம் 1821 அக்டோபரில் ஓர் அறிவுறுத்தலைக் கொடுத்தனுப்பியது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஜோஸே போனிஃபாசியோ டி அன்ட்ராடா. கனிமவியல் அறிஞர், முப்பது ஆண்டுக்கு மேல் ஐரோப்பாவில் வாழ்ந்தவர், பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போர்ச்சுகல் மண்ணில் போராடியவர். போர்ச்சுகலின் பகைவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அந்த ஆவணம் கேட்டவை: கோர்ட்டெஸில் இரு ராஜ்யங்களுக்கும் சம எண்ணிக்கை, முடியரசின் இருப்பிடம் மாறி மாறி அமைவது, பிரேசிலுக்கு உள்நாட்டு விவகாரங்களில் சொந்த நிர்வாகம். 1815 சாசனம் விட்ட இடைவெளிகளை ஒவ்வொன்றாக நிரப்பும் ஆவணம் அது. (உள்நாட்டில், தோராயமாக 15 டிகிரி தென் அட்சத்தில் ஒரு நகரம் கட்டச் சொன்னதும் இதே ஆவணம்தான். 1960-ல் திறக்கப்பட்ட பிரேசிலியா ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.)

சாவ் பாலோ உறுப்பினர்கள் 1822 பிப்ரவரியில் லிஸ்பனில் இடமேற்றார்கள். அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. செப்டம்பர் ஆணைகள் டிசம்பரிலேயே ரியோவை எட்டிவிட்டன. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவோடு நகரசபை பெட்ரோவிடம் போனது. 1822 ஜனவரி 9-ம் தேதி, 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று அவர் அறிவித்தார். சில நாட்களில் போனிஃபாசியோ அமைச்சரானார். லிஸ்பனில் சமரசம் பேசப் போனவர்களுக்குப் பின்னால் இருந்தவரே இங்கே எதிர் அரசை நடத்த வேண்டிய நிலை. கடல் விழுங்கிய மாதங்கள் செய்த வேலை இது.

ஜூனில் பெட்ரோ பிரேசிலுக்குத் தனி அரசியல் நிர்ணய சபை கூட்டினார். அவருடைய ஆணைகளைச் செல்லாதவை ஆக்கியும், அவருடைய அமைச்சர்கள் மீது வழக்குத் தொடரச் சொல்லியும் கோர்ட்டெஸ் எடுத்த முடிவுகள் ஆகஸ்ட் கடைசியில் ரியோ வந்தன. இளவரசர் அப்போது சாவ் பாலோ பயணத்தில். மனைவி லியோபோல்டினாவும் போனிஃபாசியோவும் கடிதம் எழுதி, குதிரை அஞ்சலில் அனுப்பினார்கள். செப்டம்பர் 7-ம் தேதி, சான்டோஸ் துறைமுகத்திலிருந்து மலையேறி வந்துகொண்டிருந்த பெட்ரோவுக்கு, இப்பிரங்கா என்ற சிற்றோடைக்கு அருகே கடிதங்கள் கிடைத்தன. பிரிவை அங்கேயே அறிவித்தார். அக்டோபர் 12-ம் தேதி, அவருடைய 24-வது பிறந்தநாளில், பேரரசராக அறிவிக்கப்பட்டார்.

அமைதியாக முடிந்த பிரிவு என்று சிலர் எழுதுவது சரியல்ல. பாயியாவில் போர்ச்சுகல் படை 1823 ஜூலை 2 வரை விலகவில்லை. முற்றுகையிலும் சண்டையிலும் பலர் செத்தார்கள். மரான்யாவும் பாராவும் அதே ஆண்டில் கடற்படையின் மிரட்டலோடுதான் சேர்க்கப்பட்டன.

சட்டப்படி முடிந்தது எப்போது?

1825 ஆகஸ்ட் 29-ம் தேதி. பிரிட்டிஷ் ராஜதந்திரி சார்லஸ் ஸ்டூவர்ட் இடைநின்று முடித்த ரியோ ஒப்பந்தத்தில்தான் போர்ச்சுகல் பிரேசிலை ஏற்றது. அதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டியவை.

1. வடிவம்: பிரேசில் பிரிந்துவிட்டது என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. ஜோவாவ் தாமே மனமுவந்து இறையாண்மையை மகனுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறது. அதற்காகவே அவருக்கும் 'பேரரசர்' என்ற கௌரவப் பட்டம்.

2. பணம்: பிரேசில் 20 லட்சம் பவுண்டு தர வேண்டும். இதில் 14 லட்சம், போர்ச்சுகல் 1823-ல் லண்டனில் வாங்கிய கடனை ஏற்றுக்கொள்வது. மீதி 6 லட்சம் அரசரின் சொத்துகளுக்கு ஈடு. புதிய நாடு கடனோடுதான் தொடங்கியது.

3. ஆப்பிரிக்கா: வேறு எந்தப் போர்ச்சுகல் காலனி சேர வந்தாலும் பிரேசில் ஏற்கக்கூடாது. இது வெறும் எச்சரிக்கைக்காகச் சேர்த்த வரி இல்லை. அங்கோலாவின் பெங்கேலா வணிகர்களில் ஒரு பகுதியினர் பிரேசிலோடு சேரத் தயாராக இருந்தார்கள். அடிமைக் கப்பல்கள் ரியோவுக்கும் அங்கோலாவுக்கும் இடையேதான் ஓடின, லிஸ்பனுக்கு அதில் சொற்ப இடமே. அங்கோலா போயிருந்தால், தென் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அடிமை வணிகத்தின் மீது நிற்கும் ஒரு பேரரசு உருவாகியிருக்கும்.

அதற்கு அப்புறம்

1826 மார்ச்சில் ஜோவாவ் இறந்தார். சட்டப்படி வாரிசு பெட்ரோதான். ஆக, உடைந்த கிரீடம் சில வாரங்களுக்கு மறுபடி ஒரே தலையில். போர்ச்சுகலுக்கு ஓர் அரசியல் சாசனம் கொடுத்துவிட்டு, ரியோவில் பிறந்த தன் ஏழு வயது மகள் மரியாவுக்காக மே 2-ம் தேதி அந்தக் கிரீடத்தை விட்டார். இரண்டையும் வைத்துக்கொள்ள முயன்றிருந்தால் பிரேசிலில் அவருக்கு எதிராகக் கலகம் வந்திருக்கும் என்பது அவருக்கே தெரியும். ஏற்கெனவே அவர் போர்ச்சுகல்காரர்களுக்குச் சாதகமானவர் என்ற சந்தேகம் அங்கே இருந்தது.

1828-ல் பெட்ரோவின் தம்பி மிகுவெல் போர்ச்சுகல் அரியணையைப் பிடித்துக்கொண்டார். 1831-ல் பெட்ரோ பிரேசில் கிரீடத்தையும் ஐந்து வயது மகனிடம் விட்டுவிட்டு ஐரோப்பா போனார். போர்ட்டோவில் ஓராண்டு முற்றுகையைத் தாங்கி, போரில் வென்று, மகளை அரியணையில் அமர்த்தி, 1834 செப்டம்பரில் இறந்தார். முற்றுகையில் உடனிருந்த ஊர் என்பதால்தான் இதயத்தைப் போர்ட்டோவுக்கு எழுதிவைத்தார்.

இப்போது லிஸ்பனில் அக்கா மரியா, ரியோவில் அவருடைய தம்பி. தம்பிக்குப் பிள்ளை இல்லாத நிலையில் அக்காவே பிரேசிலுக்கும் வாரிசாகிவிடுவாரோ என்ற கேள்வி எழுந்தது. 1835-ல் பிரேசில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அரசி இரண்டாம் மரியாவுக்குப் பிரேசில் அரியணையில் உரிமை இல்லை என்று முடிவுகட்டியது.